வலது கை விரல்

கிளிப்பை இடது கையில் மாட்டியதற்கு
நடுச்சாமத்தில் ஏச்சு வாங்கியது ஒரு நர்ஸுப் பிள்ளை.
வலது கை. வலது மட்டும்தான்.
மூளைக்கு ஏறுவது எந்த ரத்தம் என்று
அந்த விரல்தான் சொல்லுமாம்.

நண்டு கவ்விய தழும்புள்ள விரல்.
வலையிலிருந்து நண்டைப் பிய்க்கும்போது
கொடுக்கைப் பார்க்க மாட்டான், வேறெங்கோ பார்ப்பான் ரெக்சன்.
பத்தொன்பது முடியவில்லை.
காய்ச்சலென்று படுத்தது செவ்வாய்.
கிருமி இதயத்தில் இறங்கிவிட்டதென்று
ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் சொன்னது வெள்ளி.

தொடையில் இரண்டு குழாய்.
ஒன்றில் கறுத்துப் போகிறது, ஒன்றில் சிவந்து திரும்புகிறது.
கட்டிலோரம் உறுமுகிறது ஒரு பெட்டி,
பாம்பன் கால்வாயில் முறைக்குக் காத்து
எஞ்சினை அணைக்காமல் நிற்கும் விசைப்படகாக.
இனி இதுதான் அவன் இதயம் என்றார்கள்.
மதுரையிலிருந்து வந்தது.
பரமக்குடியில் டயர் வெடித்து
நாற்பது நிமிடம் ரோட்டில் நின்றதாம்.

நான் பாசி எடுக்கிறவள்.
சின்னப்பாலத்துக்குத் தெற்கே தீவுப்பக்கம்
விரலில் துணி சுற்றி, மூச்சைக் கட்டி இறங்கி
மரிக்கொழுந்துப் பாசியைக் கல்லிலிருந்து உரிக்கிறவள்.
ஒரு மூச்சுக்கு எத்தனை பிடி என்று தெரியும்.
எவ்வளவு மிச்சம் வைத்து மேலே வரணும் என்பதும்.
நெஞ்சைப் பற்றி என்னிடம்
யாரும் சுற்றி வளைக்க வேண்டியதில்லை.

ஆறாம் நாள் டாக்டர் மெஹராஜ் வந்தார்.
"இதயம் தானா துடிக்க ஆரம்பிச்சிருக்கு."
நல்ல சேதி.
முகத்தில் மட்டும் அது இல்லை.

படத்தில் நுரையீரல் வெளுத்திருந்தது,
வாரக் காத்திருக்கும் உப்புப் பாத்தி, இரண்டு பக்கமும்.
அதன் வழியாகப் போகும் ரத்தம்
காற்று வாங்காமலே வெளியே வருகிறது.
இதயம் சும்மா கிடந்தவரை பாதகமில்லை,
பெட்டியின் சிவப்பு தலைவரை ஏறியது.
விழித்துக்கொண்ட இதயமோ
தன் பங்குக்குத் தள்ளுகிறது
கறுத்ததை, தலைக்கும் கைக்கும்.
பிழைக்கப் பார்க்கிறான்.
அதுதான் அவனைக் கொல்லப் பார்க்கிறது.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் கோடு இழுத்து
"இங்கதான் ரெண்டும் மோதுது" என்றார்.
பெண்கடலும் ஆண்கடலுமா, என்று கேட்டேன்.
கீழக்கரைக்காரி, விளக்கத் தேவையிருக்கவில்லை.
"அரிச்சல்முனைன்னே வச்சுக்கங்க.
நேத்து இதயத்துக்குப் பக்கத்துல இருந்துச்சு முனை.
இன்னிக்குக் கீழ எறங்கிருச்சு."

அந்த மணல் நாக்கு வளைவதைப் பார்த்திருக்கிறேன்.
வாடையில் ஒரு பக்கம், கச்சானில் மறுபக்கம்.
யாரும் அதைப் பிடித்து நிறுத்தியதில்லை.

பாதம் சிவப்பு. உதடு நாவற்பழம்.
யாரோ இரண்டு பிள்ளைகளை
இடுப்பில் வைத்துத் தைத்ததுபோல் கிடந்தான்.
நான் கால்மாட்டிலேயே நின்றேன்.

"மூச்சு மெஷினைக் கூட்டுங்களேன்,"
என் தம்பி அலோசியஸ்.
"கூட்டினா கிழியும். அது தூங்கட்டும்.
கழுத்துல மூணாவது குழாய் வைக்கிறேன்.
சிவப்புல ஒரு பங்கு இதயத்துக்கே போகட்டும்.
தள்ளுறதுதான் தள்ளுது, நல்லதாத் தள்ளட்டும்."

பங்கு என்றால் எனக்குப் புரியும்.
கீழே போவது குறையுமே, என்றேன்.
குறையும். குழாயில் ஒரு கவ்வி இருக்கிறது,
திருகித் திருகி ராத்திரி முழுக்கப் பார்க்கணும்.
ஒரு ஆள் உட்காரணும்.

கையெழுத்துப் போட்டேன்.
வயது என்ற இடத்தில் என்னுடையதை எழுதிவிட்டு
அடித்து, அவனுடையதை எழுதினேன்.

கரண்டு ஒரு நொடி போய் வந்தது.
எல்லோரும் பெட்டியைப் பார்த்தோம்.
அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது.

எழுபத்தொன்று.
மூச்சைக் கட்டினேன், எண் மாறட்டும் என்று.
எழுபத்தொன்பது.
விட்டு, திரும்பக் கட்டினேன்.
எண்பத்து மூன்று. எண்பத்து மூன்று.
அங்கேயே நிற்கிறது.

நர்ஸுப் பிள்ளை தழும்பைத் துடைத்து
கிளிப்பைத் திரும்ப மாட்டுகிறது.
வலது கைதானே, என்று கேட்கிறேன்.
ஆமாக்கா,
வலதுதான்.